நாற்பத்தொரு அடிக்கு அப்பால்

செவ்வந்தி நகர் மூன்றாம் தெருவுக்குக் கேபிள் இன்டர்நெட் வந்து சேர்ந்த அதே மாதத்தில்தான் முத்திரை ஆய்வாளர் ஆவுடையப்பனும் பணி ஓய்வு பெற்று வீடு வந்து சேர்ந்தார் என்பதையும், அன்றிலிருந்து அந்த வீட்டில் நெட் ஒருநாளும் ஒழுங்காக நின்றதில்லை என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டிய ஒரே ஆள் ஆவுடையப்பன்தான், ஏனென்றால் முப்பத்தொரு வருஷம் அவருடைய வேலையே இரண்டு தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான்.

பாளையங்கோட்டையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் உள்ள மளிகைக் கடை, கறிக்கடை, நகைக்கடை, பழைய இரும்புக் கடை எல்லாவற்றிலும் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவதும் இல்லாவிட்டால் கையோடு எடுத்துக்கொண்டு போவதும் அவர் வேலை. பித்தளைக் கற்கள் வரிசையாகப் பதிந்திருக்கும் மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் தெருமுனையில் திரும்பும்போதே கடைக்காரர்கள் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். "பிழை இல்லாத தராசு கிடையாதுவே, பிழை எவ்வளவுங்கதுதான் கேள்வி" என்று அவர் ஒவ்வொரு கடையிலும் சொல்வார், சொல்லும்போது அந்தப் பிழை எப்போதும் எதிரில் நிற்பவரிடம்தான் இருந்தது. ஊரில் அவருக்குத் தராசு சார் என்று பெயர். அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்கும். பிடிக்காதவர்போல முகத்தை வைத்துக்கொள்வார்.

அவருடைய ஒரே மகள் வடிவு, அயர்லாந்தில் கார்க் என்னும் ஊரில் நர்ஸாக இருக்கிறாள். அங்கே அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது, ஆதிரை என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நம் ஊரில் மாலை ஆறரை ஆகும்போது அங்கே மதியம். வடிவு அப்போது வீடியோவில் கூப்பிடுவாள். ஆவுடையப்பன் பின்கட்டில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார். மனைவி காந்திமதி முன்னறையிலிருந்து, "பிள்ளை சிரிக்கா, வாங்க" என்று குரல் கொடுப்பாள். அவர் கையைத் துடைத்து, சட்டையை மாட்டி, பொத்தானைப் போட்டு, தலையையும் ஒரு வாரு வாரிக்கொண்டு முன்னறைக்கு வந்து உட்காருவார். அதுவரை ஆச்சியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை, கொட்டாவிக்குத் திறந்த வாயோடு அப்படியே நின்றுவிடும், படத்தின் நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும், மோடத்தில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரியும். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு அவர் வாழைக்குத் திரும்பிப் போவார். போன கொஞ்ச நேரத்தில் முன்னறையில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்கும்.

"லைன்ல பிழை இருக்கு" என்றார் ஆவுடையப்பன்.

பிழை என்று ஒன்று இருந்தால் அதைப் பிடிக்காமல் விடுகிறவர் இல்லை அவர். இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஸ்கேலால் கோடு போட்டு, தேதி, நெட் போன நேரம், வந்த நேரம், விளக்கின் நிறம், வானம் எப்படி இருந்தது, ஃப்ரிட்ஜ் ஓடியதா, பக்கத்து வீட்டில் மிக்சி ஓடியதா, அணில் தென்பட்டதா என்று கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதினார். இருநூற்றுப் பதினான்கு பதிவுகள் சேர்ந்தன. அவற்றிலிருந்து முதலில் அணில்தான் காரணம் என்று முடிவு செய்தார். அடுத்த மாதம் மிக்சி என்றார். அதற்கடுத்த மாதம், அமாவாசைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று யாரிடமும் சொல்லாமல் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

கேபிள் கொடுக்கும் ரூபஸை எட்டு முறை வரவழைத்தார். ரூபஸ் பொறுமைசாலி. முதல் முறை வந்தபோது வயர் நுனியில் உள்ள பித்தளைத் திருகை மாற்றினான். இரண்டாம் முறை, வயரை டிவிக்கும் நெட்டுக்கும் பிரிக்கிற சின்னப் பெட்டியை மாற்றினான். மூன்றாம் முறை மோடத்தை மாற்றினான், ஐந்தாம் முறை அந்த மோடத்தையும் மாற்றினான். ஏழாம் முறை, கம்பத்திலிருந்து வீடுவரை புது வயர் இழுத்தான். ஒவ்வொரு முறையும் ஆவுடையப்பன் அவன் தோளுக்குப் பின்னால் நோட்டோடு நின்று, "இன்னொரு சுற்று முறுக்கு" என்றும் "அப்படி இல்ல, இப்படி" என்றும் மேற்பார்வை பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டு நின்றவரை விளக்கு ஒருமுறைகூடப் பச்சையாக எரியவில்லை.

ஒன்பதாம் முறை வந்தபோது, மேலே ஓட்டை வழியாக வயர் நுழையும் இடத்தைப் பார்க்க ரூபஸ் ஏணி கேட்டான். ஆவுடையப்பன் பின்கட்டுக்குப் போனார். அவர் கிணற்றடியில் சாத்தியிருந்த அலுமினிய ஏணியைத் தூக்கும்போது முன்னறையில் விளக்கு பச்சையானது. ஏணியோடு அவர் அடுப்படியைத் தாண்டி வந்தபோது சிவப்பானது.

"சார், அந்த ஏணியத் திரும்ப அங்கனயே கொண்டு வச்சிட்டு வாங்க" என்றான் ரூபஸ்.

அவர் வைத்துவிட்டு வந்தார். சிவப்பு. "ஏணில ஒண்ணும் இல்லியே" என்றார்.

"அக்கா, நீங்க போயி ஏணிய எடுத்திட்டு வாங்க. சார், நீங்க பின்னாலயே நில்லுங்க."

காந்திமதி ஏணியை இழுத்துக்கொண்டு வந்து மோடத்தின்மேல் இடிக்காத குறையாக நிறுத்தினாள். பச்சை.

"இப்ப சார் மட்டும் வாங்க. கையில ஒண்ணும் வேண்டாம்."

ஆவுடையப்பன் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தார். சிவப்பு.

"அது ரொம்ப நாளாவே அப்படித்தான்" என்றாள் காந்திமதி. "இவுக வந்தா போகும், போனா வரும்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"எங்க கேட்டீய? எழுதிக்கிட்டேதான இருந்தீய."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினார். இருநூற்றுப் பதினான்கு பதிவு, எட்டுக் கட்டம். மழை இருந்த நாளும் இல்லாத நாளும் இருந்தன, அணில் வந்த நாளும் வராத நாளும் இருந்தன. ஆவுடையப்பன் இல்லாத நாள் ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் பதிவு எழுதியவர் அவர்தானே. அலுவலகத்தில் அவர் தூக்கிக்கொண்டு திரிந்த பித்தளைக் கற்களையே வருஷத்துக்கு ஒருமுறை மதுரைக்கு அனுப்பி, அவற்றைவிடச் சரியான கற்களோடு வைத்துச் சோதித்து வாங்குவது சட்டம். அந்தச் சட்டத்தை அவர் ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. கல்லை அனுப்பியவர், கல்லைப் பிடித்த கையை அனுப்பவேண்டும் என்று நினைத்ததில்லை.

நோட்டை மூடிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு தூரம்?" என்பது.

பிழை தன்னுடையது என்று ஆன பிறகு, அதன் அளவாவது சரியாக இருக்கவேண்டும் என்று அவருக்குப் பட்டது. அலமாரியிலிருந்து அளவு நாடாவை எடுத்து ஒரு நுனியை ரூபஸிடம் கொடுத்து மோடத்தின் மேல் பிடிக்கச் சொன்னார். தெருவில் இறங்கி நடந்தார், விளக்கு பச்சையான இடத்தில் காந்திமதி வாசலில் நின்று "ம்" என்றதும் சாக்பீஸால் கோடு போட்டார். மூன்று முறை அளந்து சராசரி எடுத்ததில் நாற்பத்தொரு அடி வந்தது. பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்து அளந்தார், மோதிரத்தைக் கழற்றி அளந்தார், கண்ணாடியைக் கழற்றி அளந்தார், குளித்துவிட்டு அளந்தார், மறுநாள் வெறும் வயிற்றில் அளந்தார். சுவர் குறுக்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே நாற்பத்தொரு அடி. "பரவால்ல, நிலையான பிழை" என்று ரூபஸிடம் சொன்னபோது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்ததை, பிறகு தனியாக இருக்கும்போது நினைத்து வெட்கப்பட்டார்.

தெருவில் யாரும் ஆச்சரியப்படவில்லை. மூன்றாம் தெருவில் முந்திய வருஷம் ஒரு வேப்பமரம் பழம் பழுக்காமலே பருவம் மாறிப் போனது, ஒரு வீட்டுக் கிணற்றில் தண்ணீர் வெள்ளிக்கிழமை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வரிசையில் இதையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆவுடையப்பன் வீடு வீடாகப் போய், அதாவது வீட்டுக்குள் போகாமல் தெருவிலேயே நின்று, இடது வீடு, வலது வீடு, எதிர் வீடு என்று விஷயத்தைச் சொல்லி வருத்தம் தெரிவித்தபோது, வலது வீட்டு மைதீன் பாத்து, "அப்ப எங்க வீட்டுலயும் நீங்கதானா சார்? நான் என் மகன்தான் என்னமோ நோண்டுதான்னு அவன அடிச்சிப்போட்டேனே" என்றாள். பிறகு, "மழைக்காலத்துலயும் இதே நாப்பத்தொண்ணுதானா, கூடுமா?" என்று கேட்டாள். அளந்து சொல்கிறேன் என்றார் அவர்.

காந்திமதி வாசல் கேட்டில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டாள். ஒரு பக்கம் 'சார் உள்ளே', மறுபக்கம் 'சார் வெளியே'. காலையில் அவர் நடைக்குக் கிளம்பும்போது சிலேட்டைத் திருப்புவாள்; திருப்பிய நிமிஷத்திலிருந்து மூன்று வீடுகளிலும் மின்சாரக் கட்டணம் கட்டுவார்கள், கேஸ் பதிவு செய்வார்கள், துபாயில் இருக்கும் தம்பியோடு பேசுவார்கள். எதிர் வீட்டில், வீட்டிலிருந்தபடியே கம்பெனி வேலை பார்ப்பவர் வந்து, "சார், பத்து மணிக்கு எனக்கு முக்கியமான மீட்டிங், கொஞ்சம் மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வர்றீங்களா" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் போய் வந்தார். அடுத்த வாரம் அதே ஆள் தயங்காமல் வந்து, "பதினொண்ணே காலுக்கு மேனேஜர் பேச ஆரம்பிப்பார் சார். அப்ப ஒரு நடை இந்தப் பக்கம் வாங்களேன்" என்றார். அதற்கும் அவர் போய் வந்தார்.

அதன்பிறகுதான் அவருக்கு மவுசு கூடியது. மைதீன் பாத்துவின் மகன் பன்னிரண்டாம் வகுப்பு. போனைப் பிடுங்கினால் சண்டை, விட்டால் படிப்பில்லை. "சார், பரீட்சை முடியுத வரைக்கும் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் எங்க வீட்டுல வந்து சும்மா இருந்திட்டுப் போங்க, ஒண்ணும் பேசாண்டாம்" என்று அவள் கூப்பிட்டாள். அவர் நாளிதழைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவர்கள் முன்னறையில் உட்கார்ந்தார். பையன் போனை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, அவரை ஒரு முறை முறைத்துப் பார்த்துவிட்டு, புத்தகத்தை எடுத்தான். சுக்குக் காபி வந்தது, அடுத்த நாள் முட்டை ஆப்பம் வந்தது. செய்தி பரவி இரண்டாம் தெருவிலிருந்தும் நான்காம் தெருவிலிருந்தும் தாய்மார்கள் வந்தார்கள், காந்திமதி ஒரு கால அட்டவணை போட்டாள். அவர் உட்கார்ந்த வீடுகளில் பிள்ளைகள் படித்தார்கள், பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசினார்கள். அப்படிப் பேசியதில் நான்காம் தெருவில் ஒரு தம்பதி ஐந்து வருஷத்துப் பழைய சண்டை ஒன்றை ஞாபகப்படுத்திக்கொண்டு, மறுநாள் முதல் அவர் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வங்கியில் அவர் நுழைந்ததும், எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும், காசாளர் எழுந்து அவரை முதலில் கூப்பிட்டு வேலையை முடித்து வாசல்வரை கொண்டு விட்டார். டீக்கடைக்காரர், போனில் பணம் அனுப்பும் ஆட்கள் திணறக்கூடாது என்று, அவரை ரோட்டுக்கு அந்தப் பக்கமே நிறுத்தி டீயை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தார். முப்பத்தொரு வருஷம் ஊரின் தராசுகளைச் சரிசெய்தபோது கிடைக்காத மரியாதை, ஊரின் நெட்டைக் கெடுத்தபோது கிடைத்ததே என்று ஆவுடையப்பன் அந்த டீயைக் குடித்துக்கொண்டே யோசிப்பார். டீ வழக்கமான அளவைவிடக் கால் டம்ளர் குறைவாக இருக்கும். இப்போதெல்லாம் அவர் அதைச் சொல்வதில்லை.

ஞாயிறு மாலைதான் கஷ்டம். ஆறரை ஆனதும் அவர் தானாகவே எழுந்து, சிலேட்டைத் திருப்பி வைத்துவிட்டு, தெருவில் சாக்பீஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்பார். காந்திமதி பேசி முடித்து வந்து எல்லாவற்றையும் சொல்லுவாள். பிள்ளை தவழ்ந்ததை, உட்கார்ந்ததை, உட்கார்ந்து சாய்ந்ததை. வடிவு எடுத்து அனுப்பும் சின்னச் சின்னப் படங்களைத் தெருமுனையில் இறக்கிக்கொண்டு வந்து காட்டுவாள், அவற்றை அவர் எத்தனையோ முறை பார்த்தார். ஆக, பேத்தியை அவர் பார்த்துத்தான் இருந்தார். பேத்திதான் அவரைப் பார்த்ததில்லை.

இது ஒரு பெரிய விஷயமில்லை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார், வடிவு சாதாரண போனில் அவரைக் கூப்பிடும்வரை. வெறும் குரல் போகிற அந்தப் பழைய பேச்சு மட்டும் எதனாலோ அவரைப் பொருட்படுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா, அவளுக்கு இப்ப ஆளத் தெரியுது. அம்மாவக் கண்டா கையாட்டுதா, அவங்க அப்பா வீட்டு ஆளுக எல்லாத்தையும் தெரியுது. புது ஆம்பள ஆளக் கண்டா ஒரே அழுக."

"என் போட்டோவக் காட்டேன்."

"காட்டுனேம்ப்பா. அதத் திருப்பித் திருப்பிப் பின்னால பாக்கா. நிஜ ஆளு எங்கன்னு தேடுதா."

அடுத்த இரண்டு வருஷத்துக்கு வடிவால் ஊருக்கு வரமுடியாது, புது ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். இவர் அங்கே போகலாமா என்ற பேச்சு வந்தது. ரூபஸிடம் கேட்டார்.

"விமானத்துலயா சார்?" என்றான் ரூபஸ். "நாப்பத்தொரு அடிக்குள்ளதான பைலட் இருப்பாரு."

அந்தப் பேச்சு அதோடு நின்றது. ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவர் தோசையைப் பிய்க்காமல், திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று காந்திமதி மறுநாள் மைதீன் பாத்துவிடம் சொன்னாள். ஆதிரையின் முதல் பிறந்தநாள் மூன்று வாரத்தில் வருகிறது, அதுவும் ஞாயிற்றுக்கிழமை, என்றும் சொன்னாள்.

"நாப்பத்தொரு அடிதானக்கா ஆகாது" என்றாள் மைதீன் பாத்து. "நாப்பத்திரெண்டாவது அடியில நிறுத்திப் பாப்பமே. நாப்பத்திரெண்டு அடிக்கு அங்கன இருந்து பாத்தாத் தெரியுத மாதிரி படத்தப் பெருசாக்கணும், அவ்வளவுதான."

அது அவ்வளவுதான் என்பது யாருக்கும் அதுவரை தோன்றவில்லை. கல்யாண வீடுகளில் வாசலில் நிறுத்துகிற பெரிய எல்இடி திரை ஸ்டூடியோ செல்லையாவிடம் இருந்தது. மாப்பிள்ளையின் மூக்கு நுனி வியர்வையைக்கூட மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து எடுக்கிற நீள லென்ஸ் கேமராவும் அவரிடம் இருந்தது. செல்லையா வீட்டுக் கடைத் தராசை, அவர் அப்பா மளிகைக் கடை வைத்திருந்த காலத்தில், ஆவுடையப்பன் இரண்டு முறை பறித்துக்கொண்டு போயிருக்கிறார். காந்திமதி அதை நினைத்துத் தயங்கித்தான் கேட்டாள்.

"சார் பறிச்ச தராசு உண்மையிலேயே தப்புத்தாம்மா" என்றார் செல்லையா. "எங்கப்பா எனக்கே சொல்லியிருக்காரு. எத்தன மணிக்கு வரணும்?"

தெருக்கோடியில் தண்ணீர்த் தொட்டி நிற்கிற காலி இடத்தில் ஏற்பாடு நடந்தது. ரூபஸ் கம்பத்திலிருந்து தொட்டிவரை வயர் இழுத்து, ஒரு மேஜைமேல் மோடத்தை வைத்தான். அதன் பின்னால் செல்லையாவின் திரை பத்தடி உயரத்துக்கு எழுந்தது, பக்கத்தில் கேமரா. ஆவுடையப்பன் தூரத்தில் நின்று இன்னின்னபடி என்று சொல்ல, ரூபஸ் நாடாவைப் பிடித்தான். நாற்பத்தொரு அடியில் ஒரு கோடு, பிழைக்கு இடமாக ஒரு அடி விட்டு நாற்பத்திரண்டில் இன்னொரு கோடு, அந்த இரண்டாவது கோட்டின்மேல் மைதீன் பாத்து வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி. பேச்சுக்கு அவர் சட்டைப்பையில் சாதாரண போனும் காதில் இயர்போனும், படத்துக்கு நெட். ஒத்திகை பார்த்ததில் விளக்கு பச்சையாகவே நின்றது.

பிறந்தநாளன்று தெரு முழுக்க வந்திருந்தது. ஆவுடையப்பன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், முழங்கால்மேல் கையை வைத்து, அடையாள அட்டைக்குப் படம் எடுக்க உட்கார்ந்தவர்போல உட்கார்ந்திருந்தார். ஆறரைக்குத் திரை ஒரு முறை கறுத்து, வெளுத்து, பிறகு ஒரே அடியாக ஆதிரையால் நிரம்பியது. ஒரு கன்னம் மட்டும் கதவு அகலம் இருந்தது. தெருவே ஒரு மூச்சு இழுத்தது.

"அப்பா, தெரியுதா?" என்றது போனில் வடிவின் குரல்.

"தெரியுது."

"நீங்களும் இங்க டிவில நல்லாத் தெரியுறீய. ஆதி, அங்க பாரு, தாத்தா பாரு."

பிள்ளை பார்த்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கையில் இருந்த ரிப்பனை வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தது. நாற்காலியில் அசையாமல் இருந்த வெள்ளைச் சட்டை அதற்கு இன்னொரு போட்டோவாகத்தான் பட்டிருக்க வேண்டும். அது டிவியின் பின்பக்கம் எட்டிப் பார்க்கத் தலையைச் சாய்த்தது.

"அப்பா, ஏதாவது பண்ணுங்க."

"என்ன பண்ண?" என்றார் ஆவுடையப்பன். இத்தனை மாதமாக இந்த நிமிஷத்துக்காக அடியும் அங்குலமும் அளந்தவர், இந்த நிமிஷத்தில் என்ன செய்வது என்று ஒரு தடவைகூட யோசித்திருக்கவில்லை. பாட்டு அவருக்கு வராது. முகத்தைக் கோணலாக்கிக் காட்டுவதற்குத் தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றும் தோன்றாததால், தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தார்: படம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று சோதிப்பதற்காக வலது கையை மேலே தூக்கி, மனதுக்குள் எண்ணினார்.

இரண்டு எண்ணும்போது திரையில் ஒரு கை மேலே வந்தது.

இரண்டு வினாடித் தாமதம், என்று அவர் குறித்துக்கொண்டார். கையை இறக்கினார். திரையில் அந்தக் கை இறங்க ஐந்து வினாடி ஆயிற்று. மறுபடி தூக்கினார், இந்த முறை மூன்று. இறக்கினார், ஒன்று. ஆவுடையப்பன் நெற்றியைச் சுருக்கினார். ஒரு கருவியின் பிழை இப்படி மாறி மாறி வராது. வயரில் ஏற்படும் தாமதம் என்றால் எல்லா முறையும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். பின்னே இது என்ன என்று யோசித்துக்கொண்டே இடது கையைத் தூக்கினார். திரையில் அந்தச் சின்ன முகம் ரிப்பனைத் துப்பிவிட்டு, அவரை உற்றுப் பார்த்து, தன்னுடைய இரண்டு கைகளில் எது என்று தெரியாமல் குழம்பி, இரண்டையும் சேர்த்துத் தூக்கி, வாயைத் திறந்து சிரித்தது.

இது வயர் இல்லை. பிள்ளை.

அவர் எழுந்தது அவருக்குத் தெரியாது. தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது. தானும் இரண்டு கையையும் தூக்கியபடியே ஓர் அடி வைத்தார், இன்னோர் அடி வைத்தார், சாக்பீஸ் கோட்டின்மேல் அவர் செருப்பு பட்டு அதைத் தாண்டியது. மேஜைமேல் பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது. பத்தடி உயரத்தில் ஆதிரை இரண்டு கையையும் தூக்கி, திறந்த வாயோடு நின்றுவிட்டாள்.

ரூபஸ், "சார், ரெண்டடி பின்னால..." என்று தொடங்கி, காந்திமதி திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். ஆவுடையப்பன் குனிந்து கோட்டைப் பார்த்தார், அதைத் தாண்டி நிற்கும் தன் காலைப் பார்த்தார். இருநூற்றுப் பதினைந்தாவது பதிவு என்று நினைத்துக்கொண்டார். மாதக்கணக்கில் ஒதுங்கி ஒதுங்கி நின்றவர், கடைசியில் கோட்டையும் தானே போட்டு, தானே மிதித்தாயிற்று.

காதில் வடிவின் குரல் தெளிவாகக் கேட்டது. "அப்பா, அங்க படம் நின்னுட்டா?"

"நின்னுட்டும்மா. நாந்தான். கோட்டத் தாண்டிட்டேன். இந்தா, இப்பப் பின்னால போயிருதேன்."

"போகாதீய."

"என்ன?"

"பின்னால போகாதீயப்பா. இங்கயும் நின்னுட்டு. நீங்க ரெண்டு கையையும் தூக்கிட்டு, வாயத் தொறந்து சிரிச்சிட்டு நிக்கிய. நீங்க இப்படிச் சிரிச்சி நான் பாத்ததேயில்ல." அவள் குரல் கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி வந்தது. "அவ டிவிகிட்டப் போயி உங்க மூஞ்சியத் தடவிட்டிருக்கா. பின்னால எட்டிப் பாக்கல. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்."

அப்படியே இருக்கட்டும் என்றால் அவர் நாற்பதாவது அடியில் நின்றாலும் ஒன்றுதான், முதல் அடியில் நின்றாலும் ஒன்றுதான். கெடவேண்டியது கெட்டுவிட்டது, இனி எவ்வளவு கிட்டப் போனாலும் கெடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இந்தக் கணக்கு அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. இயர்போன் காதில் இருந்தபடியே, அவர் மோடத்தையும் தாண்டி, செல்லையாவின் கேமராவையும் தாண்டி, திரைவரைக்கும் நடந்து போனார். வெளிச்சம் அவர் சட்டையெல்லாம் ரோஜா நிறமாக விழுந்தது. கதவு அகலமாக இருந்த அந்தக் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தார். கண்ணாடி மாதிரிச் சில்லென்று இருக்கும் என்று நினைத்தார், திரை எரிந்து எரிந்து சூடாக இருந்தது.

பிறகு, விரலை விரித்து, கீழ் ஈறில் வெள்ளையாகத் தெரிந்த ஒன்றை நிதானமாக அளந்தார்.

"வடிவு" என்றார். "பிள்ளைக்குப் பல்லு முளைச்சிருக்கே. அரைச் சாண் இருக்கும்மா. கொஞ்சம் கூடவே இருக்கும்."